மாமன் அடித்த ஆறு அடி

கஸ்பார் சிறைத்துறையில் முப்பத்தெட்டு ஆண்டு வேலை பார்த்தார். அதில் இருபத்திரண்டு ஆண்டு ரோத்தான் அடித்தார். நீதிமன்றம் தீர்ப்பில் இத்தனை பிரம்படி என்று எழுதிவிட்டுப் போய்விடும். அதை அடிக்க ஒரு ஆள் வேண்டும். ஈப்போவிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வரக்கூடிய ஒரு சிறையில் அந்த ஆள் கஸ்பார்.

சிலிபினில் அவர் வீட்டு வரிசையில் இருந்தவர்களுக்கு அவர் வார்டர் என்று தெரியும். ரோத்தான் விஷயம் பாதிப் பேருக்குத் தெரியும். யாரும் கேட்டதில்லை. கால்வாய் அடைத்துக்கொண்டால் முதலில் இறங்குகிறவர் அவர்தான். ஆனால் கல்யாண வீட்டில் அவர் உட்கார்ந்த மேசையில் ஒரு நாற்காலி எப்போதும் காலியாகவே இருக்கும். வீட்டில் மகள் வெண்டியை அவர் ஒருநாளும் அடித்ததில்லை. அந்த வேலையை மனைவி பெட்ரீசியா கோழி இறகுத் துடைப்பத்தின் காம்பால் பார்த்துக்கொண்டார். கஸ்பார் எழுந்து வெளியே போய்விடுவார். தன் கை வேறு வேலைக்குப் பழகிவிட்டது, பிள்ளைமேல் வேண்டாம் என்பார்.

அவர் பிறந்தது தஞ்சோங் ரம்புத்தானைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், 1963இல். அப்பா அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். பதின்மூன்று வயதில் அம்மாவின் நிரையில் பாதியை அவர் வெட்டினார். பட்டையை வெட்ட வேண்டும், மரத்தைத் தொடக்கூடாது. உளி ஒரு மயிரிழை ஆழம் போனாலும் மரத்தில் காயம் விழும், மறுநாள் கங்காணி வந்து கத்துவார். கஸ்பாரின் மரத்தில் காயம் இருந்ததில்லை. தோட்டம் கைமாறி, ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட வருஷம் அவர் மலாய்மொழித் தேர்வில் தேறி வார்டர் ஆனார்.

1994இல் ரோத்தானுக்கு ஆள் எடுத்தார்கள். மணல் அடைத்த பொம்மையை அடித்துக் காட்டச் சொன்னார்கள். பத்துப் பேரில் அவர் அடி மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே கோட்டில் விழுந்தது. பயிற்சி கொடுத்த அதிகாரி முன்னால் என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டார். கஸ்பார் சொன்னதும், தோட்டத்துக் கை, பார்த்தாலே தெரிகிறது என்று சிரித்தார்.

ரோத்தான் என்பது நாலடிக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ள பிரம்பு. விரல் கனம். முந்தின நாளே தண்ணீரில் ஊறப் போட வேண்டும், இல்லாவிட்டால் சிம்பு தெறிக்கும். ஓர் எட்டு முன்வைத்து, இடுப்பிலிருந்து திரும்பி, நுனி பட்டதும் கையைப் பின்னால் இழுக்க வேண்டும். இழுத்தால்தான் தோல் பிரியும். இழுக்காமல் விட்டால் சிவப்புத் தடம் மட்டும் இருக்கும். இதை கஸ்பார் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார். அவர் அடி இடுப்புக்கு மேலே ஏறியதில்லை, தொடைக்கு இறங்கியதில்லை. அவர் கையென்றால் தனக்கு வேலை குறைவு என்று சிறை டாக்டர் சொல்வார். கஸ்பாருக்கு அது பெருமை. தப்பு செய்தவனுக்கு அரசாங்கம் கொடுக்கிற தண்டனையைத் தான் சுத்தமாகக் கொடுப்பதாக நினைத்தார். மிருகத்தனமாக அடிக்கிறவர்களை அவருக்குப் பிடிக்காது.

2011இல் பெட்ரீசியாவுக்குத் தீராத தலைவலி வந்தது. மருந்து கேட்கவில்லை. யாரோ சொல்லி, மாதா கோயில் பூசையை விட்டுவிட்டு ஜெலாப்பாங்கில் ஒரு டயர் கடையின் மாடியில் நடந்த ஜெபவீட்டுக்குப் போகத் தொடங்கினார். பாஸ்டர் பழனியப்பன் என்பவர் நடத்தினார். ஞானஸ்நானம் எடுத்தும் பழைய பெயரை மாற்றவில்லை. தான் எந்தக் குழியிலிருந்து வந்தேன் என்று எல்லாருக்கும் தெரியட்டும் என்பது அவர் காரணம். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம், டிவி பார்ப்பது விக்கிரக ஆராதனை, பிரம்பைக் கையாடாதவன் மகனைப் பகைக்கிறவன். அவர் போதனை இவ்வளவுதான். அதைச் சொல்லும்போது மனிதர் அழுவார். கேட்கிறவர்களும் அழுவார்கள்.

கஸ்பார் மனைவியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு டயர் கடைக்காரரோடு கோப்பி குடித்துக்கொண்டிருப்பார். ஒரு ஞாயிறு மழை கடைக்குள் அடித்தது, மாடிக்கு ஏறினார். பாஸ்டர் அவரைப் பார்த்ததும் முன்னால் அழைத்து, உங்கள் வேலையைப் பற்றிச் சாட்சி சொல்லுங்கள் பிரதர் என்றார்.

அதுவரை எவரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. கஸ்பார் சொன்னார். "முதல் அடிக்குக் கெட்ட வார்த்தை பேசுவான். ரெண்டாவதுக்கு அம்மாவைக் கூப்பிடுவான். மூணாவது அடிக்குத்தான் கடவுளைக் கூப்பிடுவான். மலாய்க்காரனோ, சீனனோ, நம்ம ஆளோ, மூணாவதுக்குக் கூப்பிடாதவனை நான் பாத்ததில்ல."

அறுபது பேர் கை தட்டினார்கள். முன்வரிசையில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த கேப்ரியலும் எழுந்து நின்று தட்டினான். கேப்ரியல் கஸ்பாரின் தங்கை செசிலியின் ஒரே மகன். செசிலி முப்பது வயதில் கணவனை இழந்தவள். பையனுக்குத் தாய்மாமன்தான் எல்லாம். மோட்டார் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்தான். மற்ற நாளில் முழங்கை வரை கிரீஸ் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு வருவான். மாமா எப்படி நிற்பார், எப்படித் திரும்புவார் என்று செய்து காட்டச் சொல்லி, அன்று சாப்பாட்டு நேரத்தில் கஸ்பாரைச் சுற்றி இளவட்டங்கள் நின்றன. கஸ்பார் குடைக்கம்பியை வைத்துச் செய்து காட்டினார்.

அடுத்த மாதமே பாஸ்டரின் பிரசங்கம் மாறியது. மூன்றாம் அடியில்தான் பிசாசு வெளியேறும், நம் பிரதரே கண்ணால் கண்ட சாட்சி என்றார். தான் அப்படிச் சொல்லவில்லை என்று கஸ்பாருக்குத் தெரியும். பின்வரிசையில் உட்கார்ந்து ஆமென்று தலையை ஆட்டினார்.

2015இல் கலாதேவி என்ற பெண் தன் மகள் தினேஸ்வரியை அங்கே கொண்டுவந்தார். பத்தொன்பது வயது, வலிப்பு நோய். பொது மருத்துவமனையில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். பாஸ்டர் மாத்திரையைக் கால்வாயில் கொட்டச் சொன்னார். மூன்று நாள் உபவாசம் வைத்தார்கள். மாத்திரை நின்ற மூன்றாம் நாள் வலிப்பு வந்தது. இதோ வெளிப்படுகிறான் என்று பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு எண்ணத் தொடங்கினார். ரோத்தான் கேப்ரியல் கையில் இருந்தது. பெண் வலிப்பில் புரண்டுகொண்டே இருந்தாள். மூன்றோடு நிற்கவில்லை. பதினேழு.

ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் அவளால் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது.

வழக்கு நடந்தபோது கஸ்பார் லீவு போட்டுவிட்டுப் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெண்ணின் முதுகுப் படங்களைத் திரையில் காட்டினார்கள். ஓர் எட்டு, இடுப்பு, இழுப்பு. தடங்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். வீசியது அவர் வீச்சு, விழுந்த இடம்தான் தவறு. பெண்ணைப் பார்த்து மனம் பதறுவதற்கு முன்னால் அவர் கண் அதைத்தான் பார்த்தது. அன்று வீட்டுக்கு வந்து பெட்ரீசியாவிடம் இதைச் சொன்னார். பெட்ரீசியா ஜெபவீட்டுக்குப் போவதை நிறுத்தி நாலு மாதம் ஆகியிருந்தது. அவர் போய் விளக்கை அணைத்தார்.

பாஸ்டர் தான் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்ததாகவும் யார் என்ன செய்தார்கள் என்று பார்க்கவில்லை என்றும் சொன்னார். விடுதலையானார். அடுத்த மாதம் ஜொகூர் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. கேப்ரியலுக்கு ஆறு ஆண்டு, ஆறு பிரம்படி. பிரம்பை எடுத்தவன் பிரம்பு என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றார் நீதிபதி. கலாதேவி அந்த நேரம் மகளைத் தாங்கிக் கழிவறைக்குக் கூட்டிப் போயிருந்தார். தீர்ப்பை அவர் கேட்கவில்லை.

கேப்ரியலை மாமன் வேலை பார்த்த சிறைக்கே கொண்டுவந்தார்கள். செசிலி பஸ் ஏறி சிலிபினுக்கு வந்தாள்.

சொந்தக்காரனை அடிக்கக் கூடாது என்று ஏற்பாடு இருந்தது. ஒவ்வொரு முறையும் அடிப்பதற்கு முன்னால், பட்டியலில் எனக்கு உறவினர் யாரும் இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். கஸ்பார் தங்கையிடம் அதைச் சொன்னார். தன்னை அன்றைக்கு விலக்கி வைத்துவிடுவார்கள் என்றார்.

"யாருக்கு அண்ணே தெரியப்போவுது?" என்றாள் செசிலி. "அவன் பேருக்குப் பின்னால அவங்க அப்பன் பேருதானே இருக்கு. தாய்மாமன் பேரை எந்த ஐசில போட்டிருக்கான்?"

அது உண்மைதான். அடையாள அட்டையில் ஜோசப் மகன் கேப்ரியல். அதில் கஸ்பார் எங்கும் இல்லை.

"காது குத்தறப்ப உங்க மடியிலதான் உக்கார வச்சோம். மத்த பிள்ளைங்க கத்துச்சுங்க. இவன் கம்முனு இருந்தான், மாமன் மடின்னு. எவன் எவன் கையோ படறதுக்கு உங்க கை படட்டும் அண்ணே. நீங்க அடிச்சா மெதுவா அடிப்பீங்க."

கஸ்பார் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு சரி என்றார்.

செசிலி ஒரு தவறு செய்தாள். பெற்றவள் யாராக இருந்தாலும் செய்திருப்பாள். அடுத்த சந்திப்பில் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து டெலிபோனில் மகனிடம், மாமா கைதான், பேசியாச்சு, பயப்படாதே என்று சொல்லிவிட்டாள். அடிவாங்கப் போகிறவன் பயப்பட வேண்டும். பயந்தவன் உடம்பை இறுக்கி வைத்திருப்பான். பல்லைக் கடித்திருப்பான். கஸ்பார் இத்தனை ஆண்டில் கண்டது, எதிர்பாராதவன்தான் மோசமாகச் சிதைவான்.

அன்று பட்டியலில் ஒன்பது பேர். கேப்ரியல் ஆறாவது. கஸ்பார் தாளில் கையெழுத்துப் போட்டார். மெதுவாக அடிக்கத்தான் நினைத்திருந்தார். கையை இழுக்காமல் விட்டால் போதும். மேலதிகாரி முகம் சுளிப்பார், வயசாகிவிட்டது என்பார். அவ்வளவுதான்.

ஐந்தாவதாக வந்தவன் ஒரு பங்களாதேஷி. அனுமதிப் பத்திரம் இல்லாமல் வேலை செய்தான் என்று இரண்டு அடி. வேறு குற்றம் எதுவும் இல்லை. மெலிந்த உடம்பு, கேப்ரியலைவிடச் சின்னவன். மலாயும் தெரியாது. எதற்குக் கட்டுகிறார்கள் என்பதே அவனுக்குப் புரிந்ததோ என்னவோ, டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டான். கஸ்பார் வழக்கம்போல் அடித்தார். இரண்டாவதுக்கு அம்மாவைக் கூப்பிட்டான். அவிழ்த்துக் கொண்டுபோனார்கள். ஆறாவது ஆளைக் கட்டினார்கள்.

கேப்ரியல் கழுத்தை வளைத்துப் பார்த்தான். மாமாவைக் கண்டதும் அவன் தோள் தளர்ந்தது. லேசாகச் சிரித்தான்.

கஸ்பார் ரோத்தானை ஓங்கினார். மெதுவாக அடிக்க முடியும் என்றால் அந்தப் பங்களாதேஷிக்கும் அடித்திருக்க முடியும். அவனுக்கு முன்னால் வந்த நாலு பேருக்கும். இருபத்திரண்டு ஆண்டாக வந்த எல்லாருக்கும். ஓங்கிய கை நிற்பதற்கும் விழுவதற்கும் நடுவே இருந்த நேரத்தில் இதுதான் அவர் மனசில் ஓடியது. அதை அவரால் தாங்க முடியவில்லை. ஓர் எட்டு வைத்தார். இடுப்பிலிருந்து திரும்பினார். இழுத்தார்.

முதல் அடிக்குக் கேப்ரியல் கெட்ட வார்த்தை பேசவில்லை. "மாமா?" என்றான், கேட்பது போல. வார்டர்களில் யாரும் திரும்பவில்லை. தமிழ்க் கைதிகள் வயசான வார்டர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இரண்டாவதுக்கும் அதையே சொன்னான். மூன்றாவதுக்குக் கடவுளைக் கூப்பிட்டான். ஆறும் ஒரு கையகல இடத்துக்குள் விழுந்தன. டாக்டர் கையெழுத்துப் போட்டார். கஸ்பார் மிச்சமிருந்த மூன்று பேரையும் அடித்து முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, மோட்டாரை எடுத்தார்.

பதினைந்து நாள் கழித்து செசிலி மகனைப் பார்க்கப் போனபோது அவன் உட்காராமல் நின்றபடியே டெலிபோனில் பேசினான். அங்கிருந்து நேராக சிலிபினுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று, ஏன் என்று மட்டும் கேட்டாள்.

"அவன் அசைஞ்சிட்டான்" என்றார் கஸ்பார்.

அது பொய் என்று சமையலறையில் இருந்த பெட்ரீசியாவுக்கே தெரிந்தது. கட்டினால் யாரும் அசைய முடியாது.

செசிலி அழவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. "சரி அண்ணே. நீங்க வேலைய ஒழுங்கா செய்யிறவருன்னு எல்லாரும் சொல்வாங்க. நான்தான் மறந்துட்டேன் லா" என்றாள். பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

அந்த ஆண்டு முடிவதற்குள் கஸ்பார் மணிக்கட்டு வலி என்று எழுதிக் கொடுத்து ரோத்தானை விட்டார். தனக்குப் பதில் ஆளைத் தயார் செய்துவிட்டுப் போகச் சொன்னார்கள். தேவன் என்ற இளம் வார்டர் வந்தான். நல்ல உயரம், சொல்வதைக் கேட்பவன். மூன்று மாதம் கற்றுக்கொடுத்தார். மீதிக் காலம் சிறையின் ஸ்டோரில் போர்வை எண்ணிக்கொண்டிருந்தார்.

தண்டனைக் கழிவு போக, கேப்ரியல் நாலு ஆண்டில் வெளியே வந்தான். 2020இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றான். கஸ்பார் எதற்கும் தயாராக இருந்தார். அவன் காறித் துப்பினால் துடைத்துக்கொள்ளலாம், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தார். சொல்லப்போனால் நாலு ஆண்டாக அதற்குத்தான் காத்திருந்தார்.

"மாமா, உங்களுக்கு நன்றி சொல்ல வந்தேன்" என்றான் கேப்ரியல்.

பெட்ரீசியா தேநீர்க் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டார்.

மூன்றாவது அடியில் தனக்கு ஒரு வெளிச்சம் தெரிந்ததாகச் சொன்னான். மாமா சொன்ன சாட்சி எழுத்துக்கு எழுத்து உண்மை என்றான். தினேஸ்வரியைப் பற்றிக் கேட்டதற்கு, அந்தப் பெண்ணின் தாய்க்கு விசுவாசம் பத்தவில்லை, ஆம்புலன்சைக் கூப்பிட்டுக் கெடுத்துவிட்டார்கள் என்றான். முகத்தில் கபடமே இல்லை. அதுதான் கஸ்பாரைப் பயமுறுத்தியது.

"நான் அன்னைக்கு மெதுவா அடிச்சிருக்கணும்டா. உங்கம்மாகிட்ட சரின்னு சொன்னேன். சொல்லிட்டு அடிச்சேன்."

"மெதுவா அடிச்சிருந்தா நான் நாசமாப் போயிருப்பேன் மாமா. அது உங்க கைன்னா நெனைக்கிறீங்க?" கேப்ரியல் அவர் வலக்கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அவன் போன பிறகு கஸ்பார் குழாயடியில் வெகுநேரம் கை கழுவினார். அன்றிலிருந்து வலக்கையால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். கரண்டி வாங்கி இடக்கையில் பிடித்துக்கொண்டார்.

2023இல் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு, கேப்ரியல் ஜெலாப்பாங்கில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டில் சொந்தமாக ஜெபக்கூட்டம் நடத்துவதாகத் தெரிந்தது. முத்தம்மா என்ற ஐம்பது வயதுப் பெண்மணி அங்கே இருப்பதாக பெட்ரீசியாவுக்குச் சந்தையில் சேதி வந்தது. கணவன் செத்த பிறகு அவருக்குக் காதில் குரல் கேட்கும். தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் வைத்து ஓரளவு சரியாக்கி அனுப்பியிருந்தார்கள். அண்ணன்காரன் மருந்தை நிறுத்திவிட்டுக் கேப்ரியலிடம் கொண்டுபோய் விட்டிருந்தான்.

கஸ்பார் மோட்டாரை எடுத்துக்கொண்டு போனார். வாசல் கிரில் வழியாக முத்தம்மா தெரிந்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். கெண்டைக்காலில் இரண்டு தடம். குளியலறை வாசலில் ஒரு வாளி, வாளித் தண்ணீரில் ரோத்தான் ஊறிக்கொண்டிருந்தது.

கேப்ரியல் சந்தோஷமாக எழுந்து வந்தான். உள்ளே இருந்த பத்துப் பன்னிரண்டு பேரிடமும், நான் சொல்வேனே, அந்த மாமா இவர்தான் என்றான். ஓர் அம்மாள் எழுந்து கஸ்பாரின் காலைத் தொட வந்தார். அவர் விலகிக்கொண்டார். முத்தம்மாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்றார். கேப்ரியல் பொறுமையாகச் சொன்னான், ஒருநாளைக்கு ஓர் அடிதான், அவசரப்படுத்துவது இல்லை, நாளைக்கு மூன்றாவது, நீங்களே வந்து பாருங்கள் என்று. கஸ்பார் மறுபடி சொன்னார். குரல் உயர்ந்தது. இரண்டு பேர் அவர் கையைப் பிடித்து மரியாதையாக வெளியே கொண்டுவந்து விட்டார்கள்.

சாலையோரம் மோட்டாரில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார். சும்மா போய்விட்டால் நாளைக்கு மூன்றாவது அடி. மூன்றோடு நிற்கப்போவதில்லை. போலீசுக்குப் போனால் கேப்ரியலுக்கு இது இரண்டாம் தடவை. எத்தனை ஆண்டு என்று அவருக்குத் தெரியாது, ரோத்தான் நிச்சயம், ஆறுக்கு மேலே. அடிக்கப்போவது யார் என்றும் தெரியும். யார் சொல்லிக்கொடுத்த அடி என்றும் தெரியும். ஏதாவது ஓர் உடம்பில் அது விழத்தான் போகிறது. எந்த உடம்பு என்று தேர்ந்தெடுக்கிற வேலையை அவர் தலையில் கட்டியிருந்தார்கள்.

ஸ்டேஷனுக்குப் போய் ரிப்போர்ட் கொடுத்தார். அன்று சாயங்காலமே முத்தம்மாவை மீட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

வழக்கு முடிகிற நேரத்தில் கஸ்பார் நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். வெண்டி தட்டச்சு செய்தாள். ஒரு பக்கம்கூட வரவில்லை. சிறைத் தண்டனையை எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள், அடியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்பதுதான் சாரம். "இருபத்திரண்டு ஆண்டில் ரோத்தானால் திருந்திய ஒருவரை நான் பார்த்ததில்லை. கெட்டுப்போன ஒருவனைப் பார்த்திருக்கிறேன். அவன் என் தங்கை மகன். உறவை மறைத்து அவனை அடித்தது நான்" என்று எழுதியிருந்தார். நீதிபதி அதைப் படித்துவிட்டு, நீண்ட காலம் நாட்டுக்குச் சேவை செய்தவரின் உணர்ச்சியை மதிப்பதாகச் சொன்னார். எட்டு ஆண்டு, பத்து அடி. உறவை மறைத்த விஷயத்தை விசாரிக்க யாரும் வரவில்லை. தானே ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தும் அவரைத் தண்டிக்க ஆளில்லை.

நீதிமன்ற வராந்தாவில் செசிலி நின்றிருந்தாள். எட்டு ஆண்டில் அவள் அவரிடம் பேசியது அன்றைக்குத்தான்.

"அன்னைக்கு நீங்களே அடிச்சீங்க. இன்னைக்கு ஆள் வச்சு அடிக்கிறீங்களா அண்ணே?"

அந்த வாரமே கஸ்பார் தேவனைக் கோப்பிக்கடைக்கு வரச்சொன்னார். தேவன் இப்போது சார்ஜென்ட். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று, உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தான். கஸ்பார் சுற்றி வளைக்கவில்லை. என் தங்கை மகன், பத்து அடி, மெதுவாக அடி என்றார்.

தேவன் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். பிறகு தலையை நிமிர்த்தி, "அண்ணே, மெதுவா எப்படி அடிக்கிறதுன்னு நீங்க எனக்குச் சொல்லிக் கொடுக்கலயே" என்றான்.

குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே கேட்டான். "காட்டுங்க அண்ணே. செய்யிறேன். மேல இருக்கிற துவான் பாத்தாலும் தெரியக் கூடாது, அவ்வளவுதான்."

மேசைமேல் கிடந்த பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு கஸ்பார் எழுந்தார். நாற்காலியின் முதுகை நோக்கி ஓங்கினார். ஓர் எட்டு, இடுப்பு, இழுப்பு. பத்திரிகை கிழிந்தது. கையை இழுக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இன்னொரு முறை ஓங்கினார். கை தானாக இழுத்தது. மூன்றாம் முறை இடக்கைக்கு மாற்றினார். இடக்கைக்கும் வேறு அடி தெரியவில்லை. கோப்பி கலக்குகிற சீனர் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பக்கத்து மேசையில் ஒருவன், அங்கிளுக்கு என்ன ஆச்சு, தஞ்சோங் ரம்புத்தானுக்கு போன் போடவா என்றான். சிரித்தார்கள். தேவன் எழுந்து அவர் கையிலிருந்த கிழிசலை வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டான். வீடுவரை கூடவே வந்து விட்டுவிட்டுப் போனான்.

அடி விழுகிற தேதியைக் குடும்பத்துக்குச் சொல்லமாட்டார்கள். கைதிக்கே அன்று காலையில்தான் தெரியும். தேவனும் சொல்லவில்லை. வெளியே பேசக் கூடாது என்பது கஸ்பார் அவனுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம். ஆனால் நேரம் அவருக்குத் தெரியும். வேலை நாட்களில், காலை ஒன்பதரைக்கு மேல், மத்தியானச் சாப்பாட்டுக்குள். அந்த நேரம் வந்தால் கஸ்பார் கூடத்து நாற்காலியில் போய் உட்காருவார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். பெட்ரீசியா கூப்பிட்டால் பேசமாட்டார். பன்னிரண்டரைக்கு எழுந்து சாப்பிடுவார். சனி ஞாயிறு நன்றாகத் தூங்குவார். ஏழு மாதம் இப்படிப் போனது.

2025இல் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்தேகாலுக்குக் கொஞ்சம் முன்பின், அந்த நாற்காலியிலேயே உயிர் போயிருந்தது. மாரடைப்பு என்று எழுதினார்கள். கை தொடைக்கு அடியில் விறைத்துவிட்டிருந்தது. வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அடக்கத்துக்கு ஜெபவீட்டுக்காரர்கள் எவரும் வரவில்லை. சிறையிலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது, அதில் நேர்மையான சேவை என்று எழுதியிருந்தது. செசிலி வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை, பெட்டிக்குப் பக்கத்தில் போகவில்லை. பந்தல் ஓரத்தில் வெண்டியைக் கூப்பிட்டு நிறுத்தி, அவனைப் பாத்து ஒரு மாசம் ஆச்சு, அப்பா தேதி ஏதாவது சொன்னாரா, அடி விழுந்துருச்சா, இன்னும் இருக்கா என்று கேட்டாள்.

தெரியாது அத்தை, அவருக்கும் தெரியாது என்றாள் வெண்டி.